கோவையில் வென்ற சென்னை

கால்பந்தாட்டத்தில் ஒரே ஒரு புள்ளிக்கு என்ன விலை பெறும் என்று யாராவது கேட்டால், அதற்குச் சரியான விடை 2019-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 9-ஆம் தேதி மாலையில் கிடைத்தது. அன்று பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு பந்தயமும் அந்தப் பக்கம் ஒரு பந்தயமும் ஒரே நேரத்தில் நடந்தன. இந்தப் பக்கம் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி கிளப்பார், பஞ்சாபிலிருந்து வந்த மினர்வா கோஷ்டியை எதிர்த்து ஆடினார்கள். அந்தப் பக்கம் கோழிக்கோட்டில், கல்கத்தாவின் பெயர்பெற்ற ஈஸ்ட் பெங்கால் கிளப்பார் கோகுலம் கேரளாவை எதிர்த்து ஆடினார்கள். ஐ-லீக் என்னும் தேசிய லீக் பந்தயத்தின் கடைசி நாள் அது. சென்னையின் கணக்கில் 40 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் கணக்கில் 39. சென்னை ஜயித்துவிட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சறுக்கிவிட்டாலோ, கோழிக்கோட்டிலிருந்து என்ன செய்தி வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆட்டம் ஆரம்பித்து மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா கோஷ்டியார் ஒரு கோல் போட்டுவிட்டார்கள்!

அந்தக் கோலுக்குப் பிறகு நடந்ததைச் சொல்லுவதற்கு முன்னால், இந்தச் சென்னை சிட்டி யார், எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில், வாசகர்களில் பலருக்கு இப்படியொரு கிளப் இருந்ததே ஞாபகம் இராது என்று எனக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் எங்கள் கோபாலபுரம். சென்னைப் பெயரைத் தாங்கிய ஒரு கோஷ்டி அகில இந்திய சாம்பியன் பட்டம் பெற்ற செய்தி மறுநாள் காலைப் பத்திரிகைகளில் வெளிவந்தபோது கோபாலபுரத்தில் உண்டான பரபரப்பை ஒரே வரியில் வர்ணித்துவிடலாம். பரபரப்பு ஒன்றும் உண்டாகவில்லை.

கோபாலபுரம் கிரிக்கெட் பூமி. அவ்வை ஷண்முகம் சாலைக்கு லாயிட்ஸ் ரோடு என்று பெயர் இருந்த காலத்திலிருந்தே இங்கே சுவரில் கரித்துண்டால் மூன்று கோடு இழுத்தால் அதற்குப் பெயர் விக்கெட்டு. பந்து எந்த வீட்டு மாடியில் விழுந்தால் ‘அவுட்’ என்பதற்குத் தெருவுக்குத் தெரு தனிச் சட்டம் உண்டு. காலால் பந்து உதைக்கும் பையனைக் கண்டால், “ஏண்டா, கண்ணாடி ஜன்னல் உடையப் போகிறது!” என்று சொல்லும் பெரியவர்கள், மட்டையால் அடித்து அதே ஜன்னலை உடைத்த பையனைப் பற்றி, “நல்ல கை, பெரிய ஆட்டக்காரனாக வருவான்” என்று சொல்லுவார்கள். கிரிக்கெட்டின் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஒரு பட்டணம் முழுவதும் ஒரே ஆட்டத்துக்குச் சாசனம் எழுதிக் கொடுத்துவிட்டதைப் பார்க்கும்போது, மற்ற ஆட்டக்காரர்களுக்காகச் சற்றுப் பரிதாபப்படாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த வீட்டு நண்பர் ஒருவர் மட்டும் அந்தச் செய்தியை முழுவதும் படித்திருந்தார். படித்துவிட்டு என்னிடம் வந்து, “ஓய்! சென்னை ஜயித்தது, சென்னை ஜயித்தது என்று குதிக்கிறீரே? அப்படியானால் ஆட்டம் ஏன் ஐயா கோயமுத்தூரில் நடந்தது?” என்று கேட்டார்.

வேடிக்கையாகக் கேட்ட கேள்விதான். ஆனால், அதற்குள்ளே இந்தக் கதையின் சுகமும் துக்கமும் இரண்டும் அடங்கியிருக்கின்றன.

சென்னை சிட்டி கிளப்பாருக்கு 2016-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஐ-லீக்கில் சேர நேரடி அனுமதி கிடைத்தது. கீழேயிருந்து படிப்படியாக ஏறி வந்தவர்கள் அல்ல. பணம் முதலீடு செய்து நடத்தத் தயாராயிருந்தவர்கள் என்பதற்காகச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள். முதல் இரண்டு வருஷமும் அவர்கள் அட்டவணையின் கீழ்த் தட்டிலேயே காலந்தள்ளினார்கள். 2017-18 பருவத்தில் பத்துக் கோஷ்டிகளில் எட்டாவது ஸ்தானம். அந்தப் பருவத்தில் கோஷ்டியில் மின்னிய ஒரே நட்சத்திரம் மைக்கேல் சூசைராஜ் என்னும் கன்னியாகுமரிக் கடற்கரைப் பிள்ளை. ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் என்ற பரிசு அவருக்குக் கிடைத்தது. கிடைத்த கையோடு அவரை ஜாம்ஷெட்பூர் கிளப்பார் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். எட்டாவது ஸ்தானம், இருந்த ஒரு நட்சத்திரமும் போயிற்று: இந்த நிலைமையில்தான் புதிய தலைமைப் பயிற்சியாளர் வந்து சேர்ந்தார்.

அவர் பெயர் ஜனாப் அக்பர் நவாஸ். சிங்கப்பூர்க்காரர். சிங்கப்பூரில் தாம்பினிஸ் ரோவர்ஸ் என்று ஒரு கிளப் இருக்கிறது. அதன் பயிற்சியாளராயிருந்த வி. சுந்தரமூர்த்தி 2016-இல் சிங்கப்பூர் தேசியக் கோஷ்டியின் பயிற்சியாளராகப் போனபோது, அவருடைய இடத்தில் அமர்ந்தவர் அக்பர் நவாஸ். (சுந்தரமூர்த்தியைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். சிங்கப்பூர்த் தமிழர்களைக் கேட்டால் அவர் ஆடிய காலத்தைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள்.) பிற்பாடு பிலிப்பைன் தீவுகளில் ஒரு கிளப்புக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, 2018-இல் நமது பக்கம் வந்தார். இந்தியாவில் அவரை அறிந்தவர்கள் அப்போது மிகக் கொஞ்சம். ஐரோப்பாவில் பெரிய பெயர் எடுத்து ஓய்ந்தவர்களை அழைத்து வந்து, அவர்களுடைய படத்தைச் சுவரில் ஒட்டி டிக்கெட்டு விற்பதுதான் அந்த நாளைய வழக்கமாயிருந்தது. அக்பர் நவாஸின் படத்தை ஒட்டினால் ஒரு டிக்கெட்டுக்கூட அதிகமாக விற்றிராது.

அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு கொள்கை. பந்து நம்மிடம் இருக்க வேண்டும். தரையோடு போக வேண்டும். கேட்பதற்கு மிகவும் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால், நமது ஊர்ப் பந்தயங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய புரட்சி என்று தெரியும். வழக்கமாக நம்மவர் ஆட்டத்தில் என்ன நடக்கும்? கோல் காப்பவர் பந்தைக் கையில் எடுப்பார்; ஆகாசத்தை நோக்கி ஓர் உதை உதைப்பார். பந்து மேலே போய், காக்கை கழுகுகளைக் கலைத்துவிட்டு, எதிர்ப் பக்கத்தில் எங்கேயாவது இறங்கும். அங்கே இரண்டு பேர் முட்டிக்கொள்வார்கள். பந்து யார் அதிர்ஷ்டமோ அவருக்கு. சென்னை சிட்டியில் கோல் காப்பவரே பந்தைப் பக்கத்தில் இருப்பவருக்கு மெதுவாகத் தட்டிக் கொடுத்தார். அவர் அடுத்தவருக்கு, அடுத்தவர் மீண்டும் முதலாமவருக்கு. எதிரி ஓடிவந்து பறிக்கப் பார்க்கும் சமயத்தில் அவன் விட்டுவந்த காலி இடத்துக்குப் பந்து போய்விடும். கல்யாண வீட்டில் பாயசத் தூக்கு கைமாறுவது போல, ஒரு துளி சிந்தாமல் பந்து கைமாறிக் கொண்டே (கால்மாறிக் கொண்டே என்று சொல்ல வேண்டும்) முன்னால் நகரும்.

இதில் ஆபத்தும் இல்லாமல் இல்லை. சொந்தக் கோலுக்கு முன்னாலேயே பந்தை வைத்துக்கொண்டு தட்டிக் கொடுத்துக் கொண்டிருந்தால், ஒரு தடவை தவறினாலும் எதிரிக்கு இலவசமாக ஒரு கோல். அந்தப் பருவத்தில் அப்படியும் சில கோல்கள் விழத்தான் விழுந்தன. ஆனால், தவறு நேர்ந்ததே என்று பயந்து, பழையபடி ஆகாசத்துக்கு உதைக்கும் முறைக்கு அவர்கள் திரும்பிப் போகவில்லை. இளைஞர்களுக்கு ஒரு வித்தையைக் கற்பிக்கும்போது, முதல் தவறிலேயே பிரம்பை எடுக்கிற வாத்தியாரிடம் எவனும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

தேசாபிமானியான வாசகர் ஒருவர் இந்த இடத்தில் ஓர் ஆக்ஷேபணை கிளப்பக்கூடும். “எல்லாம் சரிதான், ஆனால் கோல் போட்டவர்கள் எல்லாரும் ஸ்பானியர்களாமே? பிறத்தியார் கால்களால் ஜயித்ததற்கு நமக்கு ஏன் மார்தட்டல்?” என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பெட்ரோ மான்ஸி உருகுவே தேசத்தில் பிறந்தவர். ஸ்பெயின் தேசத்தின் மூன்றாம் நிலை லீக்கில் ஆடிக் கொண்டிருந்தவர். நெஸ்டர், சாண்ட்ரோ ஆகிய இருவரும் ஆப்பிரிக்கக் கரைக்கு எதிரேயுள்ள ஸ்பானியக் கானரித் தீவுகளைச் சேர்ந்தவர்கள். கோல் காத்த நௌஸெட்டும், பின்களத்தில் நின்ற எஸ்லாவாவும் ஸ்பானியர்களே. இவர்களில் ஒருவர்கூட அதற்கு முன் உலகப் புகழ் பெற்றவர் அல்லர். பெரிய கிளப்புகளில் பெயர் எடுத்திராதவர்கள். மான்ஸி அந்தப் பருவத்தில் 21 கோல் போட்டு, சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாஸாவோடு முதல் ஸ்தானத்தைப் பங்கிட்டுக் கொண்டார். 2018 அக்டோபரில் நடந்த முதல் பந்தயத்திலேயே இந்தியன் ஏரோஸ் என்னும் இளைஞர் கோஷ்டிக்கு எதிராக மூன்று கோல்.

ஆனால், மைதானத்தில் இறங்குகிற பதினொரு பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நம் தேசத்தவர்கள். அவர்களிலும் பலர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார், பிரவித்தோ ராஜு, சூசைராஜின் சகோதரர் மைக்கேல் ரெஜின் — இந்தப் பெயர்களை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கடற்கரைக் கிராமத்து மாதாகோயில் மணியோசையும், பட்டணத்து ரெயில்வே காலனியின் சாயங்காலமும் காதில் விழவில்லையா? நமது கால்பந்தாட்டம் எங்கே உயிரோடிருக்கிறது என்பதை அந்தப் பெயர்களே சொல்லும். ரொமாரியோ ஓரத்தில் பந்தைக் கொண்டு ஓடினால், பின்னால் துரத்துகிறவர் பாதி வழியில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எட்வின் நடுக்களத்தில் நில் என்றால் நிற்பார். பின்களத்தில் காவல் செய் என்றால் செய்வார். ஸ்பானியர்களுக்குப் பந்து கொடுக்கிற வேலைக்காரர்களாக இவர்களை அக்பர் நவாஸ் வைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் ஆடுகிற ஆட்டத்தையே இவர்களும் ஆடவேண்டும் என்று வைத்தார். அந்நிய தேசத்துத் துணியை வாங்கி உடுத்துவது ஒன்று. தறியை வரவழைத்து நம்மவர்களுக்கு நெசவு கற்பிப்பது வேறொன்று. இரண்டாவது காரியத்தைக் காந்தியடிகள்கூட மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன்.

அந்தப் பருவத்தில் 20 பந்தயங்களில் சென்னை சிட்டி அடித்த கோல்கள் 48. லீக்கில் வேறு எந்தக் கோஷ்டியும் அவ்வளவு அடிக்கவில்லை. இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தவை கல்கத்தாவில் அடித்த இரண்டு கோல்கள். 2018 நவம்பரில் ஈஸ்ட் பெங்கால் கிளப்பாரை அவர்களுடைய ஊரிலேயே, அவர்களுடைய ஜனங்களுக்கு முன்னாலேயே, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்துவிட்டு வந்தார்கள்.

கல்கத்தாவில் ஜயிப்பது என்றால் என்ன என்பதைக் கோபாலபுரத்துக்காரர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமானால், வெளியூர் வித்வான் ஒருவர் மார்கழி மாதத்தில் மயிலாப்பூரில் வந்து பாடி, முதல் வரிசைக்காரர்களைத் தலையாட்ட வைத்துவிட்டுப் போவதைப் போன்றது என்று சொல்லலாம். அந்த நகரத்தில் கால்பந்து வெறும் ஆட்டம் அல்ல. 1911-ஆம் வருஷம் ஜூலை 29-ஆம் தேதி மோகன் பாகான் கிளப்பார், கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்து வெள்ளைக்காரக் கோஷ்டியை இரண்டுக்கு ஒன்று என்று தோற்கடித்து ஷீல்டைப் பறித்த ஊர் அது. பதினொரு வங்காளி வாலிபர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் வெறுங்காலோடு ஆடினார்கள். பட்டாளத்துக்காரர்கள் கனத்த பூட்ஸோடு ஆடினார்கள். தேசம் விடுதலை அடைவதற்கு 36 வருஷங்களுக்கு முன்னாலேயே ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் கல்கத்தா விடுதலை அடைந்துவிட்டது. அப்பேர்ப்பட்ட ஊரின் இரண்டு பெரிய கிளப்புகளில் ஒன்று ஈஸ்ட் பெங்கால். அந்தக் கிளப்பை அங்கேயும் வென்று, பிற்பாடு கோவையிலும் அதே இரண்டுக்கு ஒன்று கணக்கில் வென்றது சென்னை. கடைசியில் ஒரே ஒரு புள்ளியில் பின்தங்கப் போகிற எதிரியிடமிருந்து ஆறு புள்ளிகளையும் வாங்கிக்கொண்டாயிற்று! பட்டம் அங்கேதான் கிடைத்தது என்று சொன்னாலும் தவறில்லை.

நமது மாகாணத்தின் கால்பந்துச் சரித்திரத்தை அறிந்தவர்களுக்குத்தான் இதன் முழு ருசியும் தெரியும். மாகாணங்களுக்குள்ளே நடக்கும் சந்தோஷ் கோப்பைப் பந்தயம் 1941-இல் ஆரம்பமாயிற்று. வங்காளத்தார் முப்பது தடவைக்கு மேல் பெற்றுவிட்டார்கள். மைசூர், ஹைதராபாத், கேரளம் என்று நம்மைச் சுற்றியுள்ள சகலரும் பெற்றுவிட்டார்கள். சென்னை மாகாணமாக இருந்தபோதும் சரி, தமிழ்நாடாக ஆன பிறகும் சரி, நாம் ஒரு தடவைகூடப் பெற்றதில்லை. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1973-இல் கேரளம் முதல் தடவையாக அந்தக் கோப்பையை எடுத்தது. அப்போது அவர்களுடைய பயிற்சியாளர் யார்? சைமன் சுந்தரராஜ் என்ற தமிழர்! 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் பெரு தேசத்துக்கு எதிராகக் கோல் போட்டவர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல் அதுதான். அதற்குப் பிறகு நாம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கற்பிக்கத் தெரிந்தவர் நம்மிடமிருந்து போய் அடுத்த வீட்டில் விளக்கு ஏற்றினார். ஆகையால், சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வந்து நம் வீட்டில் ஏற்றினால், அதைக் கடன் தீர்ந்த கணக்காகவே எடுத்துக்கொள்ளலாம்.

இனிக் கோவைக்குத் திரும்புவோம். ஒரு வாரத்துக்கு முன்பே காரியம் முடிந்திருக்க வேண்டியது. கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸை ஜயித்திருந்தால் கடைசிப் பந்தயம் வெறும் ஊர்வலமாக இருந்திருக்கும். அங்கே மூன்றுக்கு இரண்டு என்று தோற்றுவிட்டுத்தான் வந்திருந்தார்கள். வந்த இடத்தில் மூன்றாவது நிமிஷத்தில் ஒரு கோல் வாங்கியாயிற்று. மினர்வா கோஷ்டியாரும் லேசுப்பட்டவர்கள் அல்ல. அதற்கு முந்திய வருஷத்துச் சாம்பியன்கள். பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை விட்டபோது, கோவையில் சென்னை ஒரு கோல் பின்னால் இருந்தது. கோழிக்கோட்டில் இரு பக்கமும் கோல் விழவில்லை. அந்தப் பதினைந்து நிமிஷத்துக்குச் சென்னையும் ஈஸ்ட் பெங்காலும் ஆளுக்கு 40 புள்ளி. மலைக்கு அப்பால் கல்கத்தாக்காரர்கள் ஒரு கோல் போட்டால் எல்லாம் போயிற்று.

இடைவேளைக்குப் பிறகு, 56-ஆவது நிமிஷத்தில் பெனால்டி உதை ஒன்று கிடைத்தது. பெனால்டி உதையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்லுகிறேன்: உதைப்பவருக்கும் கோலுக்கும் நடுவில் பன்னிரண்டு கஜம். எதிரே ஒரே ஓர் ஆள். தெருப் பையன்கூடப் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால், ஒரு வருஷத்து உழைப்பு முழுவதும் அந்தப் பன்னிரண்டு கஜத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால், உலகப் பிரசித்தமான கால்களும் மரக்கட்டையாகிவிடுவது உண்டு. மான்ஸியின் கால் மரக்கட்டையாகவில்லை. ஒன்றுக்கு ஒன்று.

பிறகு 69-ஆவது நிமிஷத்தில் கௌரவ் போரா என்னும் அஸ்ஸாமிய வாலிபர் ஒரு கோல் போட்டார். இவர் கோல் போடுவதற்காகக் கோஷ்டியில் இருந்தவர் அல்ல. கோல் விழாமல் தடுக்கும் பின்களக்காரர். 48 கோல் அடித்த கோஷ்டியில், தேவையான தருணத்தில் அதை அடித்துக் கொடுத்தவர் காவற்காரர்! ஏறக்குறைய அதே சமயத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் ஒரு கோல் போட்டது; ஈஸ்ட் பெங்கால் பின்னால் போயிற்று. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அவர்கள் பத்து நிமிஷத்தில் சமன் செய்து, இன்னும் சில நிமிஷத்தில் இரண்டாவது கோலும் போட்டு முன்னேறிவிட்டார்கள். ஆகவே, அங்கே அவர்களுக்கு 42. இங்கே இரண்டுக்கு ஒன்று என்ற கயிற்றின் மேல் சென்னை நடந்து கொண்டிருக்கிறது. மினர்வா ஒன்று போட்டுச் சமன் செய்தால் 41. பட்டம் கல்கத்தா மெயிலில் ஏறிவிடும். நேரம் முடிந்து மூன்றாவது உபரி நிமிஷமும் ஆயிற்று. மறுபடியும் அதே காவற்காரர் கௌரவ் போரா! மூன்றுக்கு ஒன்று. சென்னைக்கு 43.

தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று தேசிய லீக்கை ஜயித்தது அதுவே முதல் தடவை. இந்தியன் பாங்கி கோஷ்டியார் அந்தக் காலத்துத் தேசிய லீக்கில் ஆடியிருக்கிறார்கள். பட்டத்துக்குச் சமீபத்தில் போனதில்லை. அடுத்த மாதமே இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அப்போது நமது தேசத்தில் ஒரே சமயத்தில் இரண்டு பெரிய லீக்குகள் நடந்து வந்தன. ஒரு ராஜ்யத்துக்கு இரண்டு ராஜாக்களைப் போல, ஐ-லீக் என்று ஒன்று. பணமும் படாடோபமும் மிகுந்த ஐ.எஸ்.எல். என்று மற்றொன்று. எந்த ராஜா பெரியவர் என்பது ஓயாத தர்க்கம். 2019-இல் ஐ.எஸ்.எல். பட்டம் பெற்றவர்கள் பெங்களூர் கிளப்பார். புவனேசுவரத்தில் நடந்த சூப்பர் கப் பந்தயத்தில் இரண்டு ராஜாக்களும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். சென்னை சிட்டி இரண்டுக்கு ஒன்று என்று ஜயித்தது. பணத்தால் வாங்க முடியாத சில காரியங்கள் இன்னும் உலகத்தில் இருக்கின்றன என்று அன்று பலர் சந்தோஷப்பட்டார்கள்.

அது நமது கால்பந்துக்கே நல்ல காலமாயிருந்தது என்று தோன்றுகிறது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பெண்கள் கோஷ்டி மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன் பட்டம் பெற்றது. மார்ச்சு 17-இல் சென்னையின் எஃப்.சி. பெங்களூரிலேயே பெங்களூரை மூன்றுக்கு இரண்டு என்று தோற்கடித்து ஐ.எஸ்.எல். பட்டத்தை எடுத்தது. 2019 மார்ச்சில் சென்னை சிட்டி. அதே வருஷம் மே மாதத்தில் மதுரை சேது கிளப்புப் பெண்கள் லூதியானாவில் பெண்கள் லீக்கை ஜயித்தார்கள். பதினாறு மாதத்தில் நான்கு பட்டங்கள்! கிரிக்கெட்டில் இப்படி நடந்திருந்தால் கோபாலபுரத்தில் நான்கு தடவை வெடி வெடித்திருக்கும். நானும் நான்கு தடவை காதைப் பொத்திக்கொண்டிருப்பேன்.

இனி நண்பரின் கேள்விக்கு வரலாம். சென்னைப் பெயர் கொண்ட கோஷ்டி கோயமுத்தூரில் ஏன் ஆடியது? சென்னையில் பெரிய ஸ்டேடியம் ஒன்றுதான், அதிலே ஐ.எஸ்.எல். கோஷ்டி ஆடிக் கொண்டிருந்தது. இவர்கள் 2017-18 முதல் கோவையைச் சொந்த ஊராக வரித்துக் கொண்டார்கள். கோவை ஜனங்கள் நல்லவர்கள். பெயர் யாருடையதாயிருந்தாலும் ஆட்டம் நன்றாயிருந்தால் வந்து கை தட்டினார்கள். ஆனால், குடியிருக்கச் சொந்த வீடு இல்லாதவன் எத்தனை சம்பாதித்தாலும் அதற்கு அஸ்திவாரம் ஏது? ஐ-லீக் சாம்பியன் என்ற முறையில் ஆசியாவின் மிகப் பெரிய கிளப் பந்தயத்தில், தகுதிச் சுற்றில் ஆடுகிற உரிமை கிடைத்தது. பஹ்ரைன் தேசத்து ரிஃபா கிளப்போடு 2020-ஆம் வருஷம் ஜனவரி 14-ஆம் தேதி பந்தயம். சென்னையின் சொந்த ஊர்ப் பந்தயம் அது. எங்கே நடந்தது தெரியுமா? அகமதாபாத்தில்! பொங்கலுக்கு முந்திய நாள், ஆயிரம் மைலுக்கு அப்பால், தமிழ் தெரியாத ஊரில், ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றுப் போனார்கள்.

அதற்குள் மற்றொரு காரியமும் நடந்துவிட்டது. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துச் சம்மேளனத்தார் ஒப்புக்கொண்ட திட்டத்தின்படி, ஐ.எஸ்.எல்.தான் தேசத்தின் முதல் லீக் என்று ஆயிற்று. ஐ-லீக் ஒரு படி கீழே இறங்கிற்று. பட்டம் பெற்றவர்களுக்கு மேலே ஏற ஏணி இல்லை. அவர்கள் நின்ற மாடியையே தரைத் தளமாக மாற்றிவிட்டார்கள். ஆட்டத்தில் தோற்றுக் கீழே போவது கௌரவம். சட்டத் திருத்தத்தால் கீழே போவதற்கு என்ன பெயர் வைப்பது? இந்த விஷயத்தில் கால்பந்து அதிகாரிகளின் பக்கத்து நியாயங்களையும் நான் படித்துப் பார்த்தேன். இரண்டு லீக் நெடுநாள் நடக்க முடியாது என்பது வாஸ்தவந்தான். ஆனாலும், ஜயித்த வருஷத்துக் கோஷ்டியை மேலே அழைத்துக்கொள்ள ஒரு வழி செய்திருந்தால் குடி முழுகிப் போயிராது.

மேலே போக வழியில்லாத கிளப்பில் யார் இருப்பார்கள்? ஸ்விட்ஸர்லாந்திலிருந்து பாசல் கிளப்பார் 2019 ஜனவரியில் நூற்றுக்கு 26 பங்கு வாங்கியபோது எத்தனையோ பேச்சு நடந்தது. நெஸ்டர் ஹைதராபாத்துக்குப் போனார். மான்ஸி ஜப்பானுக்குப் போனார். அஜித்குமார் பெங்களூருக்கு, ரொமாரியோ கோவாவுக்கு, எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கு, ரெஜின் தமையனும் தம்பியுமாகக் கல்கத்தாவுக்கு. 2020-இல் அக்பர் நவாஸும் விலகினார். 2020-21 பருவத்து ஐ-லீக்கே சென்னை சிட்டி ஆடிய கடைசி ஐ-லீக். அதற்கடுத்த வருஷம் உரிம விதிகளைப் பூர்த்தி செய்யவில்லை என்று அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பட்டம் பெற்ற இரண்டாவது வருஷத்தின் முடிவில் கிளப் மைதானத்திலிருந்தே மறைந்துவிட்டது. கல்கத்தாவில் கிளப் என்பது நூறு வருஷத்து அங்கத்தினர்களும் சந்தாவும் சண்டையும் தேர்தலும் உள்ள ஒரு சபை. முதலாளி போனாலும் சபை இருக்கும். இங்கே கிளப் என்பது ஒரு கடை. கடைக்காரர் கதவைச் சாத்தினால் தெருவில் யாருக்கும் கேட்க உரிமை இல்லை. கோவையில் அன்று மாலை கை தட்டியவர்களில் பத்தாயிரம் பேர், தலைக்கு ஒரு சொற்பச் சந்தா கட்டி அங்கத்தினராக இருந்திருந்தால், கடை அவ்வளவு சுலபமாக மூடப்பட்டிருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல விட்டுப் போயிற்று. நந்தகுமார் சேகர் என்று பெயர், சென்னைவாசி. சென்னை சிட்டி 2016-17-இல் ஐ-லீக்கில் நுழைந்து, அட்டவணையின் அடிவாரத்தில் உருண்டு கொண்டிருந்த முதல் வருஷத்தில், அந்தக் கோஷ்டியில் ஓர் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவர். பட்டம் வந்தபோது அவர் அங்கே இல்லை. வேறு கிளப்புகளுக்குப் போய்விட்டிருந்தார். 2023-இல் அவரை ஈஸ்ட் பெங்கால் கிளப்பார் அழைத்துக்கொண்டார்கள். சென்னையிடம் ஒரு புள்ளியில் பட்டத்தைப் பறிகொடுத்த அதே ஈஸ்ட் பெங்கால்தான். அந்த வருஷம் ஆகஸ்டு மாதம் 12-ஆம் தேதி துராந்து கோப்பைப் பந்தயத்தில் அவர்களுக்கும் மோகன் பாகானுக்கும் ஆட்டம். அதற்கு முன் எட்டுத் தடவை தொடர்ந்து மோகன் பாகானிடம் தோற்று, தலை நிமிர முடியாமல் இருந்தார்கள் ஈஸ்ட் பெங்கால்காரர்கள். அன்று விழுந்தது ஒரே ஒரு கோல். வலது பக்கத்து ஓரத்தில் பந்தைப் பெற்று, உள்ளே திரும்பி, இடது காலால் அதைப் போட்டவர் நந்தகுமார். கல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் அரைவாசிப் பேர் எழுந்து நின்று கூச்சலிட்டது ஒரு தமிழ்ப் பெயரை.